பிஃபோர், ஆஃப்டர் எல்லாம் கன்ஜங்ஷனா, பிரெப்பொசிஷனா?

கேள்வி:
பையன் சிங்கப்பூர்ல பிரைமரி 5. இங்கிலீஷ் பேப்பர்ல சிந்தசிஸ் (வாக்கியங்கள இணைச்சு மாத்தி எழுதற) பகுதியிலதான் மார்க் போகுது. ஆல்தோ வாக்கியத்த டெஸ்பைட் போட்டு மாத்தச் சொன்னா 'டெஸ்பைட் இட் வாஸ் ரெய்னிங்'னு எழுதிடறான். இதுல பிஃபோர், கன்ஜங்ஷன் (வாக்கியங்கள இணைக்கற சொல்), பிரெப்பொசிஷன் (பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற சொல்) ரெண்டு லிஸ்ட்லயும் இருக்கு, எப்படிப் புரிய வைக்கறது?

பதில் 1:
அக்கா, லிஸ்ட் மனப்பாடமே வேணாம். அந்த வார்த்தைக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாக்கச் சொல்லுங்க, எழுவாயும் காலம் காட்டுற வினையும் சேர்ந்து வந்தா கன்ஜங்ஷன், வெறும் பெயர்ச்சொல்லோ இங்-ல முடியறதோ வந்தா பிரெப்பொசிஷன். 'பிஃபோர் ஹி லெஃப்ட்' கன்ஜங்ஷன், 'பிஃபோர் லஞ்ச்', 'பிஃபோர் லீவிங்' பிரெப்பொசிஷன். ஆஃப்டர், சின்ஸ், அன்டில் கூட இப்படித்தான்.

பதில் 2:
மேல சொன்னது சரி. டியூஷன் எடுக்கறவங்கற முறையில ஒண்ணு சேத்துக்கறேன், ஜோடி ஜோடியா பழக்குங்க: ஆல்தோவுக்கு டெஸ்பைட், பிகாஸுக்கு பிகாஸ் ஆஃப், வைலுக்கு டியூரிங். 'டெஸ்பைட் த ரெயின்'னு வரணும், 'டெஸ்பைட் ஆஃப்' கிடையவே கிடையாது, ஆனா 'இன் ஸ்பைட் ஆஃப்' உண்டு, பிள்ளைங்க ரெண்டையும் கலந்துடுவாங்க. முழு வாக்கியத்த விட மனசில்லன்னா 'டெஸ்பைட் த ஃபேக்ட் தட்' போட்டுக்கலாம்.

பதில் 3:
பையன் குழம்புறது நியாயம்தாங்க. டென்மார்க் மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பெர்சன் 1924லயே பிஃபோர் மாதிரி சொல்லுங்கள ரெண்டு வகையா பிரிக்கத் தேவையில்லன்னு வாதாடினவர், எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா பிரைமரி 6 முடிவுல வர்ற பிஎஸ்எல்இ தேர்வுக்குப் பழைய பிரிவுதான் உதவும், முதல் பதில்ல இருக்கறதையே பழக்குங்க.