முதுகுவலி ஆய்வில் சாதி, வருமானம், வேலை எல்லாம் கேட்கலாமா?

கீழ்ப்பாக்கம்_பிசியோ
வணக்கம். சென்னையில் பிசியோதெரபி முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். நாள்பட்ட இடுப்பு வலி பற்றி ஆய்வேடு. படிவத்தில் வயது, பாலினத்தோடு நிறுத்தாமல் படிப்பு, வேலை, வருமானம், சாதி, குடியிருக்கும் பகுதி, எத்தனையாவது மாடி, வீட்டில் தண்ணீர் தூக்குவது யார் என்றும் கேட்க நினைக்கிறேன். "வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கூடப் படிப்பவர்களே கேட்கிறார்கள்.

சர்க்கரையை ரத்தத்தில் அளந்துவிடலாம். வலியை நோயாளி சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும். யார் சொன்னால் நம்புகிறோம் என்ற இடத்தில்தான் ஓரவஞ்சனை நுழைகிறது. 1993இல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு ஒன்று: கை, கால் எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) நோயாளிகளில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே தரப்படவில்லை. வெள்ளையரில் அது 26 சதவீதம். பதிவேட்டில் இனம் எழுதப்படாமல் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பெரம்பூர்_வாசி
மேடம், மற்றதைக் கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். அப்பா முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். தோள்வலிக்காக ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் முன்னும் பின்னும் ஆட்கள் நிற்க, எழுதிக்கொண்டிருந்த பையன் "என்ன ஜாதி?" என்று சத்தமாகக் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு மூட்டையின் எடை, ஏறும் பலகை எல்லாம் விளக்கினார். அவன் "கூலி" என்று ஒரு சொல் எழுதி முடித்தான். அப்பா அதற்குப் பிறகு அங்கே வரவே இல்லை. கை தூக்க முடியாமல் ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தார்.

கேள்வியே ஒருவரை சிகிச்சையிலிருந்து விரட்டினால் அது யாருக்கான சமத்துவம்?

ஓபி_டாக்டர்
பெரம்பூர் சார் சொல்வதோடு உடன்படுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. காலை ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. நசுங்கிய நரம்புக்கு சாதியும் தெரியாது, சம்பளமும் தெரியாது. உடலியலைச் சரியாகப் பார்த்தாலே போதும்.

எண்ணும்_எழுத்தும்
டாக்டர், உடலியலையே நாம் சரியாகப் பார்க்கவில்லையே. பெயின் என்ற ஆய்விதழில் 2005 வரையிலான பத்தாண்டுகளில் வந்த எலி ஆய்வுகளில் 79 சதவீதம் ஆண் எலிகளை மட்டுமே வைத்துச் செய்தவை. பிறகு 2015இல், ஆண் எலிகளின் தண்டுவடத்தில் வலியைக் கூட்டும் மைக்ரோக்ளியா என்ற நோய் எதிர்ப்பு செல்களின் வழிமுறை பெண் எலிகளில் அப்படி இயங்கவில்லை என்று தெரியவந்தது. பாலினத்தைக் கணக்கில் எடுக்காததால் இழந்த காலம் அது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் முதல் குறிப்பே, வலியை உடலும் மனமும் சமூகச் சூழலும் சேர்ந்து பாதிக்கின்றன என்பதுதான்.

பிசியோ தங்கைக்கு: எல்லாரும் போடுகிறார்கள் என்று, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் குப்புசாமி அளவுகோலை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். 1976இல் வந்தது, விலைவாசிக்கேற்ப வருமானப் பிரிவைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். ஆனால் அது கேட்பது குடும்பத் தலைவரின் படிப்பு, குடும்பத் தலைவரின் வேலை, மொத்தக் குடும்ப வருமானம். இடுப்பு வலியோடு வந்தவள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றால் உங்கள் அட்டவணையில் பதிவாவது ஆட்டோதான். வலி யாருடைய முதுகிலோ அவர் வேலையைக் கேளுங்கள்.

கண்ணகிநகர்_மகள்
எண்ணும் எழுத்தும் அண்ணா எழுதியது எங்கள் அம்மாவைத்தான். டாக்டர் தந்த சீட்டில் "குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஓய்வு எடுக்கவும்" என்று இருந்தது. காலையில் குடம் தூக்கி மாடி ஏறி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே குனிந்து பெருக்கித் துடைப்பவருக்கு அந்தச் சீட்டில் எந்த வரி பயன்படும்? மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதில் ஒன்றை "என்ன வேலைம்மா செய்றீங்க?" என்று கேட்கச் செலவிடுங்கள் டாக்டர்.

இன்னொன்று. "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டார்கள். அம்மா முழித்தார். "குடைச்சலா இருக்கு, அப்பப்போ சுரீர்னு காலுக்கு இழுக்குது, அப்புறம் மரத்துப்போகுது" என்று வீட்டில் எங்களிடம் தெளிவாகச் சொன்னவர் அவர்.

ஓபி_டாக்டர்
சுரீரென்று காலுக்கு இழுத்து மரத்துப்போகிறது என்றால் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 7 என்ற எண் அதை எனக்குச் சொல்லாது. ஒப்புக்கொள்கிறேன்.

பெரம்பூர்_வாசி
வேலையைக் கேட்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சாதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் இத்தனை வருடம் இனவாரியாக எண்ணினார்கள். 2016இல் விர்ஜினியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். எண்ணியதால் என்ன மாறியது? இங்கே தனிநபர் தரவைக் காக்கும் 2023இன் சட்டம்கூட ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. சாதி எழுதிய தாள் யார் கையில் போய்ச் சேரும்?

எண்ணும்_எழுத்தும்
நீங்கள் சொன்ன ஆய்வு நோயாளிகளை எண்ணவில்லை சார், மருத்துவம் பார்ப்பவர்களை எண்ணியது. நம் படிவங்களில் இல்லாததும் அதுதான். எவ்வளவு நேரம் காத்திருந்தார், தொட்டுப் பரிசோதித்தார்களா, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையும் எழுதினால்தான் ஓரவஞ்சனை எங்கே என்று தெரியும். ஆனால் சாதியை விட்டுவிட்டால், ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவரை மட்டும் ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்பது என்றைக்கும் தெரியாது.

பெரம்பூர்_வாசி
தெரியாமலே போகட்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் கூச்சத்தையும் கேட்கப்படும் வலியையும் ஏன் எப்போதும் நாங்களே சுமக்க வேண்டும் என்கிறேன்.

கீழ்ப்பாக்கம்_பிசியோ
இரவெல்லாம் யோசித்தேன். சாதிக் கேள்வியை நான் வாயால் கேட்கப்போவதில்லை. தனி அறையில் நோயாளியே குறித்து உறையில் போடலாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் காட்டும் ஆள் உதவலாம், விருப்பமில்லை என்றால் வெற்றாக விடலாம். அந்தத் தாளில் பெயரும் போனும் இருக்காது, எண் மட்டும். எந்தக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்று அதன் கீழேயே தமிழில் ஒரு வரி. இரண்டாம் பக்கம் முழுக்க நாங்கள் என்ன செய்தோம் என்ற பதிவு. இதை நெறிமுறைக் குழுவிடம் வைக்கிறேன். அவர்கள் சாதிக் கேள்வியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன்.

கண்ணகிநகர்_மகள்
அப்படிக் கேட்டால் அம்மா குறிப்பார். காரணம் சொல்லிவிட்டுக் கேட்பவர்களை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பெரம்பூர்_வாசி
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. படிவத்தை அனுப்புங்கள், அப்பாவிடம் படித்துக் காட்டுகிறேன். "வேலை" என்ற இடத்துக்கு ஒரு வரி போதாது மேடம். நான்கு வரி விடுங்கள்.