மாவட்ட வழக்கறிஞரா, வழக்குத்தொடுநரா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மொரீஷியஸின் ரோஸ் ஹில் மாணவர்களுக்காக அமெரிக்க அரசியல்வாதி கமலா ஹாரிஸ் பற்றிய வாசிப்புப் பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தாய் சியாமளா கோபாலனையும் பாட்டனாரின் துளசேந்திரபுரத்தையும் எழுதிவிட்டேன். 1990-இல் கலிபோர்னியாவின் அலமேடாவில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இளநிலைப் பொறுப்பில் தொடங்கியவர், 2003 தேர்தலில் பதவியிலிருந்தவரையே தோற்கடித்துச் சான் பிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அரசு சார்பில் குற்றவழக்குகளை நடத்தும் தலைமை வழக்கறிஞர் ஆனார். இந்தப் பதவிக்கு என்ன சொல்? தமிழக நாளிதழ்களின் 'மாவட்ட வழக்கறிஞர்' இங்கே பொருந்தாது. நம் தீவில் மாவட்ட நீதிமன்றம் என்றாலே சிறு வழக்குகள்தாம் நினைவுக்கு வரும்.

மறுமொழி:

ஆசிரியர் அவர்களுக்கு, 'வழக்குத்தொடுநர்' இருக்கக் கவலை ஏன்? தொடு என்னும் வினையோடு எழுத்துப்பேறாகிய நகரமும் அர் விகுதியும் சேர, 'பெறுநர்' போல இயல்பாக அமைந்த சொல். சிலம்பின் வழக்குரை காதையில் கண்ணகி செய்ததும் வழக்குத் தொடுத்தல்தானே?

மறுமொழி:

ஐயா, கண்ணகி அரசன்மேல் வழக்குரைத்தவள். ஹாரிஸோ அரசின் பக்கம் நின்றவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரரைத் தம் அடிமை என்று ஓலை காட்டிய கிழவேதியரைச் சொல்வீர்களானால், அது அடிமை உரிமை வழக்கு, குற்றவழக்கன்று.

நம் மாணவர்களுக்குப் புரியாதது வேறு. இங்கே அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவின்படி குற்றவழக்கு இயக்குநரை ஓர் ஆணையமே நியமிக்கிறது. அவர் வாக்குக் கேட்டு வீதிக்கு வருவதில்லை. கலிபோர்னியாவிலோ வாக்காளர் தேர்ந்தெடுக்கிறார்கள், வழக்கும் 'மக்கள்' பெயரிலேயே பதிவாகிறது. 2004-இல் காவலர் ஒருவர் கொல்லப்பட்டபோது மரண தண்டனை கோர மறுத்த ஹாரிஸ், சொந்தக் கட்சியினரின் கண்டனத்துக்கும் ஆளானார். வழக்கு முடிவு அங்கே அரசியல் முடிவும் ஆகிவிடுகிறது. ஆகவே 'மக்கள் வழக்குரைஞர்' என்போம்.

மறுமொழி:

அம்மா, அப்படிச் சொன்னால் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுபவர் என்றே பிள்ளைகள் எண்ணுவார்கள். அதைவிட, 2011 முதல் ஹாரிஸ் வகித்த மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி பதவியைப் பாருங்கள். இலங்கையின் 'சட்டமா அதிபர்' கம்பீரமான சொல்தான். ஆனால் நம் நாட்டில் அப்பதவியில் இருப்பவர் அமைச்சரவையில் அமர்பவர், அங்கே தேர்தலில் வென்றவர்.

ஆசிரியரின் மறுமொழி:

பெரும்பான்மையை ஏற்று, 'தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை வழக்குத்தொடுநர்' என்றும், 'மாநிலச் சட்டமா அதிபர்' என்றும் எழுதி, இரண்டுக்கும் அடிக்குறிப்பு இடுகிறேன். செனட்டர், துணை அதிபர், 2024-இல் தோற்ற அதிபர் வேட்பாளர் ஆகியவற்றில் யாருக்கும் வழக்கில்லை என நம்புகிறேன்.

மறுமொழி:

'மக்கள்' இல்லாத சொல்லை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தவிர, 'செனட்டர்' மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?