சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிறது

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
எங்கட கழகம் ஆராய்ச்சிக்குக் காசு குடுக்க யோசிக்கிறம். அதை மருந்துக் கம்பனிகள் செய்யாதா? நேரே பிள்ளைகளுக்குக் குடுத்தா நல்லமில்லையா?

பதில் (மட்டக்களப்பு):
கம்பனிகள் செய்யிறது குறைவு. பெரியாக்களோட ஒப்பிட்டா நோய் வாற பிள்ளைகள் கொஞ்சம். அதுக்குள்ளயும் பல வகை. விற்பனை சின்னது, முதல் போட மாட்டாங்க. 1948இல் அமெரிக்காவில பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் எண்ட வைத்தியர் அமினோப்டெரின் எண்ட மருந்தைக் குடுத்து இரத்தப் புற்றைத் தற்காலிகமா அடக்கிக் காட்டினார். அதே வருசம் தொடங்கின ஜிம்மி நிதியத்துக்குச் சனங்கள் அனுப்பின காசுதான் அவர்ர ஆராய்ச்சியைத் தாங்கினது.

பதில் (கல்முனை):
எங்கட பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமான காரணம் ஒண்டு இருக்கு. இரத்தப் புற்று அடங்கின பிறகு, திரும்ப வராம இருக்கக் குடுக்கிற பராமரிப்புக் கட்டத்தில தினமும் குடுக்கிற மருந்து மெர்கப்டோபியூரின். அந்த மருந்தை உடம்பு சமாளிக்க உதவுற என்யூடிடி15 (NUDT15) எண்ட மரபணுவில வாற சில மாற்றங்கள் ஐரோப்பியரை விட ஆசியரில கூட. அது இருக்கிற பிள்ளைக்கு வழமையான அளவே வெள்ளணுக்களை ஆபத்தாக் குறைச்சிரும். தொற்று வந்தா உயிருக்கே மோசம். ஐரோப்பியப் பிள்ளைகளை மட்டும் ஆராய்ஞ்சா இது பிடிபடாது.

பதில் (அக்கரைப்பற்று):
ரெண்டுக்கும் குடுங்க, ஆனா கணக்கு வேற வேறயா இருக்கட்டும். இரத்தப் புற்று வைத்தியம் 2, 3 வருசம் போகும். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு, தங்க இடம் இல்லாம இடையில நிப்பாட்டினா நோய் திரும்பும். ஆராய்ச்சிக்கெண்டா முதல்ல ஒழுக்கநெறிக் குழுவின்ர அனுமதிக் கடிதத்தைக் கேளுங்க. தனியாள் கணக்குக்குப் போட வேணாம், நிறுவனத்தின்ர கணக்குக்கே காசோலை எழுதுங்க. நோயாளர் பதிவேடு எழுதிற ஆளுக்குச் சம்பளம், இரத்த மாதிரிகள் வைக்கிற உறைகுளிர்ப்பெட்டி, இந்த மாதிரிச் செலவுக்குத்தான் ஒருத்தரும் குடுக்கிறதில்ல.