‘உயிர்க்கிடைப்புத்திறன்’ – மாற்றாக ‘ஏறுபங்கு’

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்ணில் சேரும் காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களைப் பற்றி உழவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘பயோஅவைலபிலிட்டி’ (ஒரு பொருளில் எவ்வளவு உயிருக்குள் போகக்கூடும் என்பது) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட ‘உயிர்க்கிடைப்புத்திறன்’ என்பதையே முதலில் இட்டிருந்தேன். அரைக்கீரை பயிரிடும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில் கையமர்த்தி, “யாருக்கு உயிர் கிடைக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும். காட்மியம் கிடைத்தது என்று யார் சொல்வார்கள்?

அவர் வாயில் புழங்கும் சொல் ‘ஏறுதல்’. உரம் போட்டும் பயிருக்குச் சத்து ஏறவில்லை என்பார். நிலத்தில் உப்பு ஏறிவிட்டது, பாம்பு கடித்தவருக்கு விஷம் ஏறிவிட்டது என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் பழகிய பேச்சு. ஆகவே, மண்ணில் இருக்கும் உலோகத்தில் பயிருக்குள் போகக்கூடிய பகுதியை ‘ஏறுபங்கு’ எனலாம் என்று நினைக்கிறேன். ஏறுமுகம், ஏறுவரிசை போல இதுவும் வினைத்தொகைதான்.

‘மண்ணில் உள்ள உலோகத்தின் மொத்த அளவைச் சொன்னாலே போதாதா?’ என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். போதாது. ஜப்பானின் தோயாமா பகுதியில், ஆற்றின் மேற்பகுதியில் இருந்த காமியோகா சுரங்கத்தின் காட்மியம் கலந்த கழிவு ஜின்சூ ஆற்று நீரோடு நெல்வயல்களுக்கு வந்தது. அந்த அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து முறிந்தது. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்ற அலறலே ‘இத்தாய் இத்தாய்’ என்று நோயின் பெயராயிற்று. காட்மியமே அதற்கு அடிப்படைக் காரணம் என்று 1968இல் ஜப்பான் அரசு அறிவித்தது.

இத்தகைய வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றும் காலத்தில் நீரை வடித்தால் காற்று புகுந்து அந்தப் பிணைப்பை உடைக்கும்; காட்மியம் கரைந்து வேருக்குள் போகும். அதனால்தான் அங்கே கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வெளிவந்த பின் மூன்று வாரம் வரை வயலில் நீரைத் தேக்கி வைக்கச் சொல்கிறார்கள். மண் அதே மண், மொத்த அளவும் அதேதான். மாறுவது ஏறுபங்கு. ஆர்செனிக்குக்கு இது நேர்மாறு: நீர் நின்றால் ஏறுபங்கு கூடும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் அமிலத்தன்மையைத் தணித்தால் காட்மியத்தின் ஏறுபங்கு குறையும். இந்த வாக்கியங்களில் ‘உயிர்க்கிடைப்புத்திறன்’ என்று இட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு இடறும்.

இதோடு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சாலையோரக் கீரையில் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி புழுதியாக இலைமேல் படிந்தது. நன்றாக அலசினால் அதில் ஒரு பகுதி போய்விடும். வேர் வழியாக ஏறியது எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. சமைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். இலைமேல் படிந்ததைப் ‘படிபங்கு’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும்.

ஒரு தயக்கம் உண்டு. உண்ட உணவிலிருந்து குடல் வழியாக உடலில் சேரும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அங்கும் ‘ஏறுபங்கு’ பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. மருத்துவம் எழுதுபவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பங்கை அல்லாமல், ஏறக்கூடிய பண்பைக் குறிக்க ‘ஏறுதிறன்’ என்று எழுதிவருகிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள், மாற்றிவிடுகிறேன்.