தலைமைத்துவ ஆய்வுக்கு முனைவர் பட்ட விண்ணப்பம்: அவரவர் அனுபவம்

விருதுநகர் மாவட்டம், பள்ளித் தலைமையாசிரியை:

அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளித் தலைமைத்துவம் குறித்துப் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள இருமுறை விண்ணப்பித்தேன். இரண்டாம் முறைதான் இடம் கிடைத்தது. கிடைத்த கதையைவிடக் கிடைக்காத கதையே பிறருக்குப் பயன்படும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

2023இல் முதல் விண்ணப்பம். பல்கலைக்கழகமே நடத்திய நுழைவுத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்பது கணக்கு. தேர்வில் பாதி வினாக்கள் ஆய்வு முறையியலிலிருந்து வந்தன, எம்.எட். படித்த காலத்துக் குறிப்புகளைத் தூசு தட்டிப் படித்திருந்ததால் தேறிவிட்டேன். நேர்காணலுக்குப் பதினொரு பக்க ஆய்வுத் திட்டத்தோடு சென்றேன். பின்பற்றுவோரையே மாற்றி உயர்த்துவது தலைமை என்று 1978இல் பர்ன்ஸ் முன்வைத்த உருமாற்றத் தலைமை, அதை 1985இல் பாஸ் விரிவுபடுத்திய விதம், தொண்டையே முதன்மையாகக் கொள்ளும் கிரீன்லீஃபின் பணிவிடைத் தலைமை எனக் கோட்பாடுகள் எல்லாவற்றையும் அதில் அடுக்கியிருந்தேன். குழுவில் இருந்த பேராசிரியை ஒருவர் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, "இந்தப் பத்தியில் 'தலைமைத்துவம்' என்று வருகிற இடங்களிலெல்லாம் 'நல்ல நிர்வாகம்' என்று மாற்றி வாசியுங்கள், அம்மா" என்றார். வாசித்தேன். ஒரு வாக்கியம்கூடப் பொருள் மாறவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தை மூடி என் பக்கம் தள்ளி வைத்தார்.

அன்று வருத்தமாக இருந்தாலும், அந்தக் கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தலைமைத்துவம் என்பது நம்மிடையே பெரும்பாலும் பாராட்டுச் சொல்லாகவே வழங்குகிறது. பணி ஓய்வு விழாக்களில் ஒவ்வொருவரையும் 'சிறந்த தலைமைப் பண்பாளர்' என்று வாழ்த்திப் பழகிய எனக்கு, அதை ஆய்வுப் பொருளாகப் பார்க்கத் தெரியவில்லை. யாரிடம், எந்தச் செயலில், எந்தப் பதிவேட்டில் அது புலப்படும் என்று சொல்ல முடியாதவரை, எத்தனை கோட்பாடுகளை மேற்கோள் காட்டினாலும் அது மேடைப் பேச்சுதான்.

இரண்டாம் முறை என் கண்முன் இருந்ததையே எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் பணியிடம் காலியாகும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் 'பொறுப்புத் தலைமையாசிரியர்' ஆகிறார். கையெழுத்து அவருடையது, நாற்காலி மட்டும் அவருடையதன்று என்ற நிலை. நானே பதினான்கு மாதங்கள் அப்படி இருந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எந்த முடிவுகளை எடுத்தேன், எவற்றை 'நிரந்தரமாக ஒருவர் வரட்டும்' என்று தள்ளிப்போட்டேன் என்பதை ஆசிரியர் கூட்டக் குறிப்பேட்டையும் சுற்றறிக்கைப் பதிவேட்டையும் வைத்துக் காட்ட முடியும். அதிகாரம் முழுமையாக இல்லாதபோது தலைமை எப்படி இயங்குகிறது என்பதுதான் கேள்வி. இம்முறை ஆய்வுத் திட்டம் ஐந்தே பக்கம். கிரீன்லீஃபை மரியாதையோடு விட்டுவிட்டேன்.

அடுத்த சிக்கல், ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். நான் மனத்தில் வைத்திருந்த பேராசிரியர் பேசிய பத்தாவது நிமிடமே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் ஓய்வு பெற இரண்டு ஆண்டு எட்டு மாதங்களே இருந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க முடியாது. அவருக்கும் அது அப்போது நினைவில் இல்லை. அலுவலகத்தில் சொன்னபோது இருவருமே சற்று அசடு வழிந்தோம். பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் பள்ளி நிர்வாகம் தொடர்பான ஆய்வேடுகளைத் திறந்து, முகப்புப் பக்கத்தில் நெறியாளர் பெயரைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஒரு நேரத்தில் வழிநடத்தலாம் என்பதால், 'உங்களிடம் இடம் காலியாக உள்ளதா' என்பதையே முதல் மின்னஞ்சலில் கேட்டேன். இணைப் பேராசிரியர் ஒருவரிடம் ஆறாவது இடம் இருந்தது.

நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை இம்முறை பயன்படுத்தினேன். 2024 ஜூன் 18 அன்று எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்துவிட்டார்கள். மறுதேர்வைக் கணினியில் எழுதினேன். உதவித்தொகை கிடைக்காத பிரிவில் தேறினால் அந்த மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும் என்பதை மறவாதீர்கள்.

கடைசியாக, பணிபுரியும் பள்ளியிடமிருந்து பல்கலைக்கழகம் கேட்கும் தடையில்லாச் சான்று. தாளாளர் ஐயா 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரியில் கையெழுத்திட்டுத் தந்தார். அது திரும்பி வந்துவிட்டது. பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய அலுவல் இடம் கொடுக்கிறது, தேவைப்பட்டால் பாடப்பணி (ஆய்வாளர் படித்து முடிக்க வேண்டிய வகுப்புகள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது வரியை எழுதத்தான் அவர் தயங்கினார். "விடுவித்தால் பத்தாம் வகுப்புக் கணக்கை யார் எடுப்பது?" என்று அவர் கேட்டதும் நியாயமே. சனிக்கிழமை வகுப்புகளாக இருந்தால் விடுவிக்க வேண்டி வராது என்று நெறியாளரே தொலைபேசியில் விளக்கிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

சென்னை, மனிதவளத் துறை:

அம்மாவின் பதிவைப் படித்த பின் என் அனுபவத்தையும் சொல்கிறேன். நம் நாட்டில் தலைமைத்துவ ஆய்வு மேலாண்மை, கல்வியியல், பொது நிர்வாகம் ஆகிய துறைகளுக்குள் ஒண்டிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் அதையே பட்டத்தின் பெயராகக் கொண்ட படிப்புகள் உண்டு. ஸ்போக்கேன் நகரத்துக் கொன்சாகா பல்கலைக்கழகம், சான் டியேகோ பல்கலைக்கழகம் போன்றவை பலருக்கும் தெரிந்தவை. நான் அந்த நாட்டில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எவை என்று சொல்ல விரும்பவில்லை, ஏனெனில் தவறு முழுவதும் என்னுடையது.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்க அறிக்கையைப் பலமுறை திருத்திய நான், பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. என் மேலாளர், "நீங்களே எழுதி அனுப்புங்கள், நான் என் பெயரில் அனுப்பிவிடுகிறேன்" என்றார். கல்லூரிப் பேராசிரியரும் அதையே சொன்னார். இரண்டையும் நானே ஒரே இரவில் எழுதினேன். நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்த காணொளி நேர்காணலில் ஒருவர் மிக மென்மையாக, உங்களைப் பரிந்துரைத்த இருவரும் ஒருவரையொருவர் அறிவார்களா என்று கேட்டார். 'கடினமான உரையாடல்களைத் தவிர்க்காதவர்' என்ற தொடர் இரண்டு கடிதங்களிலும் அப்படியே இருந்தது. வியர்த்துவிட்டது. நேர்மையைப் பற்றியும் பேசுகிற துறைக்கு நான் இப்படி விண்ணப்பித்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அங்கே இடம் கிடைக்கவில்லை. மற்றோர் இடத்திலிருந்து வந்த பதிலும் மறுப்புதான்.

அதன்பின் 'இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டு முனைவர் பட்டம்' என்று ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து நாள்தோறும் அழைப்பு வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இணையவழியில் தரும் முனைவர் பட்டங்கள் செல்லாது என்று மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்திருந்ததை நண்பர் காட்டியதால் தப்பினேன்.

கோயம்புத்தூர், வங்கி அலுவலர்:

மேலாண்மைத் துறையில் விண்ணப்பிப்போருக்கு ஒன்று மட்டும். தலைமைப் பாங்கை அளக்கப் பலரும் எடுக்கும், பாஸ், அவோலியோ இருவரும் உருவாக்கிய வினாப்பட்டியல் பதிப்புரிமை உடையது. உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். நானோ பழைய ஆய்வேடு ஒன்றின் பின்னிணைப்பிலிருந்து படியெடுத்து, நானே தமிழாக்கி, ஆய்வுத் திட்டத்தோடு இணைத்திருந்தேன். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்புக்கும் தனி அனுமதி வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த பருவத்துக்கு வரச் சொன்னார்கள். கடிதத்தோடு போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

விருதுநகர் மாவட்டம், பள்ளித் தலைமையாசிரியை:

தனி மடலில் சிலர் வயதைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு 43 முடிந்துவிட்டது. உதவித்தொகைப் பிரிவைத் தவிர்த்தால் நெட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. பெண்களுக்கு ஆய்வை முடிக்க வழக்கமான கால அளவுக்கு மேல் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் கிடைக்கும். பாடப்பணி தொடங்கி ஐந்து சனிக்கிழமைகள் ஆகின்றன, தாளாளர் ஐயா திங்கள்தோறும் "போன வாரம் என்ன நடத்தினார்கள்?" என்று கேட்கிறார்.