எங்கள் குடும்பக் குழு: அம்மாவின் கணினித் திரைக்கு ஒரு படம்

அம்மா: கம்ப்யூட்டரைத் திறந்தால் எப்போதும் அதே நீலப் பூதான் வருகிறது. அதை எடுத்துவிட்டு, பாட்டியோடு நாம் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தை வைக்கவேண்டும். எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

தம்பி: சுலபம்தான் அம்மா. ஐகான் இல்லாத காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்து. வரும் பட்டியலில் பெர்சனலைஸ், அதற்குள் பேக்கிரவுண்ட். அங்கே பிக்சர் என்று வைத்து, பிரௌஸ் போட்டோஸை அழுத்திப் படத்தைத் தேர்ந்தெடு.

அம்மா: வைத்துவிட்டேன். ஆனால் பின்வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தலையே காணோம். பாட்டி முகமும் மங்கலாக இருக்கிறது. போனில் பளிச்சென்று இருந்ததே?

நான்: அம்மா, அந்தப் படத்தின் கோப்பு மேல் வலது பட்டனை அழுத்தி பிராப்பர்ட்டீஸ் போ. டீட்டெயில்ஸ் பகுதியில் டைமென்ஷன்ஸ் என்று இருக்கும். என்ன போட்டிருக்கிறது?

அம்மா: 1600 x 1200.

நான்: அப்படியானால் இந்தக் குழுவில் வந்த படத்தைத்தான் வைத்திருக்கிறாய். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். போனின் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. உன் கணினித் திரையின் அகலமோ 1920 புள்ளிகள். படத்தில் இருப்பது 1600. குறைவதைக் கணினி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத் தானே இட்டு நிரப்புகிறது. சுருக்கும்போதே முகத்தின் நுணுக்கம் போய்விட்டதால், பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும்.

தலை போனதற்குக் காரணம் வேறு. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் படத்தில் 4:3, திரையில் 16:9. ஃபில் என்ற அமைப்பு திரையை முழுவதும் நிரப்பப் பார்க்கும். அகலத்தைப் பொருத்திவிட்டு, உயரத்தில் நாலில் ஒரு பங்கை மேலும் கீழுமாக வெளியே தள்ளிவிடும். பின்வரிசை மாட்டிக்கொண்டது அங்கேதான்.

சித்தப்பா: அண்ணி, அதே பக்கத்தில் ஃபில், ஃபிட், ஸ்ட்ரெட்ச், டைல் என்று ஒரு தேர்வு இருக்கும் பாருங்கள். ஃபிட் வையுங்கள், தலை வந்துவிடும்.

அம்மா: வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக வெற்றிடம்.

சித்தப்பா: அப்படியானால் ஸ்ட்ரெட்ச்.

நான்: ஸ்ட்ரெட்ச் மட்டும் வேண்டாம் சித்தப்பா. பக்கவாட்டில் இழுத்து எல்லோர் முகத்தையும் அகலமாக்கிவிடும். தினமும் பார்க்கப்போகிற படம், பாட்டி பாட்டியாகவே இருக்கவேண்டும். ஒரிஜினலை வாங்கி நாமே 16:9 அளவுக்கு வெட்டிவிடலாம். தம்பி, உன் போனில்தானே எடுத்தது?

தம்பி: ஆமாம் அக்கா, 4000 x 3000 இருக்கிறது. இங்கேயே அனுப்பவா?

நான்: அனுப்பு, ஆனால் டாக்குமெண்டாக. கிளிப் குறியை அழுத்தி கேலரிக்குப் பதிலாக டாக்குமெண்ட் என்று கொடு. எச்டி என்று அனுப்பினாலும் சுருங்கும். டாக்குமெண்டாகப் போனால்தான் கோப்பு அப்படியே வந்து சேரும்.

தம்பி: [டாக்குமெண்ட்: பாட்டியோடு.ஜேபிஜி, 4.1 எம்பி]

அத்தை: நடுவில் ஒன்று சொல்கிறேன். முகங்கள் நிறைந்த படத்தின் மேல் ஐகான் வைத்தால் பெயர் எதுவும் படிக்க முடியாது. என் திரையில் ஒரே அடர் நிறம்தான், பேக்கிரவுண்டில் சாலிட் கலர் என்று இருக்கும். கண்ணுக்கும் இதம். இல்லையென்றால் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் வந்ததே, பச்சை மேடும் நீல வானமும், அந்த மாதிரி ஒன்று வையுங்கள் அண்ணி.

சித்தப்பா: அதை வரைந்த படம் என்றே பலர் நினைத்தார்கள் அக்கா. நிஜ இடம்தான். கலிபோர்னியாவின் சோனோமா கவுண்டியில் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996இல் ஃபிலிமில் எடுத்தது. அந்த மேட்டில் இருந்த திராட்சைக் கொடிகளைப் பூச்சித் தாக்குதலால் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அதனால்தான் அவ்வளவு வெறும் பச்சை. 2001இல் எக்ஸ்பியோடு உலகம் முழுக்கப் போனது.

நான்: அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் படத்தில் எங்கே ஐகான் வைத்தாலும் பெயர் தெரியும், பாதி திரை வானம்தானே. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது நம் படம். நம் படத்திலும் இடது பக்கம் சுவர்தான் இருக்கிறது. ஐகான்கள் எப்படியும் இடது ஓரத்தில்தான் வரிசையாக நிற்கும். வெட்டும்போது அந்தச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டால் போதும்.

அம்மா: இந்தப் பக்கம் ஐகான் நிறைய இருக்கிறதே. சுவரைத் தாண்டிப் பாட்டி வரைக்கும் வந்துவிடும்.

தம்பி: காலி இடத்தில் வலது பட்டன், வியூ, அதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ். டிக்கை எடுத்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும்.

அம்மா: ஐயோ, மறைந்தால் என் கோப்பெல்லாம் அழிந்துவிடாதா?

தம்பி: அழியாது அம்மா. டெஸ்க்டாப் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். மறுபடி டிக் போட்டால் வந்துவிடும்.

நான்: மறைப்பதைவிட, தேவையில்லாதவற்றை ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவிடு அம்மா. தினம் தொடுவதை மட்டும் வெளியே வை.

பெரியம்மா: எனக்கு ஒரு வலைத்தளத்தில் அழகான வால்பேப்பர் கிடைத்தது. இறக்கினால் இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. செய்யலாமா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம் அண்ணி, உடனே அழித்துவிடுங்கள். படம் என்றால் ஜேபிஜி, பிஎன்ஜி மாதிரி கோப்பாகத்தான் வரும். இன்ஸ்டால் கேட்டால் அது படம் இல்லை, ஏதோ மென்பொருள். உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

நான்: பெரியம்மா, உங்களுக்கு நல்ல படம் நான் அனுப்புகிறேன். நீங்கள் இறக்கியதைத் திறக்காதீர்கள்.

[சற்று நேரம் கழித்து]

நான்: [டாக்குமெண்ட்: பாட்டியோடு அகலம்.ஜேபிஜி]
அம்மா, வெட்டியாயிற்று. 4000 x 2250. விண்டோஸ் மேலும் கீழும் வெட்டுகிறது, நான் கீழே இருந்த தரையை மட்டும் எடுத்தேன். தலை எல்லாம் பத்திரம். அகலத்தில் மட்டுமே திரைக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு புள்ளிகள் இருப்பதால் மங்காது. பிக்சர்ஸ் ஃபோல்டரில் போட்டு அங்கிருந்து தேர்ந்தெடு, ஃபில் என்றே இருக்கட்டும்.

அம்மா: வைத்துவிட்டேன். பாட்டியின் மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது! இத்தனை நாள் அந்தப் படத்தில் இதை நான் பார்த்ததே இல்லை.

அம்மா: இனி டவுன்லோட்ஸில் கிடப்பதை அழித்துவிடலாமா?

நான்: அந்த 1600 அளவுப் படத்தை அழிக்கலாம். தம்பி அனுப்பிய ஒரிஜினலை அழிக்காதே, அதையும் பிக்சர்ஸில் வை. திரையில் வைத்த படத்துக்கு விண்டோஸ் தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை நம்பி மூலத்தை விட்டுவிடக் கூடாது.

சித்தப்பா: ஒரே படம் அலுத்தால் ஸ்லைட்ஷோவும் இருக்கிறது அண்ணி. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதில் உள்ளவை மாறி மாறி வரும். 1 நிமிடத்துக்கு ஒரு முறை என்பதிலிருந்து 1 நாளுக்கு ஒரு முறை வரை வைக்கலாம்.

நான்: வைப்பதானால் 1 நாள் வை. நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் எந்தப் படமும் மனதில் நிற்காது.

அம்மா: இப்போதைக்கு இது ஒன்றே போதும்.

அத்தை: அந்த 4000 x 3000ஐ நானும் இறக்கிக்கொள்கிறேன். என் லேப்டாப் திரை 16:10, அதற்கு வேறு மாதிரி வெட்டவேண்டும். அடர் நிறத்தை எடுத்துவிடப் போகிறேன்.