நிலாவோட அஞ்சு நிமிஷப் பேச்சு: எங்க குடும்பக் குழுவில்

சித்ரா: வெள்ளிக்கிழமை நிலாவுக்குப் பேச்சுப் போட்டி. ‘சுற்றுச்சூழல் நீதிக்கும் எல்லாருக்கும் தூய மின்சாரத்துக்கும் உழைத்த தலைவர்கள்’. அஞ்சு நிமிஷம். யாரைப் பத்திப் பேசலாம்?

பெரியப்பா: வங்காரி மாத்தாய். கென்யா. 1977ல மரம் நடற பசுமை வளைய இயக்கம், 2004ல அமைதிக்கான நோபல். முடிஞ்சது.

நிலா: தாத்தா, எங்க கிளாஸ்ல ஏற்கெனவே மூணு பேர் வங்காரி மாத்தாய் 😩

கார்த்தி: அப்போ ராபர்ட் புல்லார்ட் எடு. அமெரிக்கா, ஹூஸ்டன். 1979ல அவர் மனைவி லிண்டா ஒரு வழக்கு எடுத்தாங்க, குடியிருப்புக்குப் பக்கத்துல குப்பைக் கிடங்கு வரக்கூடாதுன்னு. ஊர்க் குப்பை எங்கெங்க போகுதுன்னு கணக்கெடுக்க இவரை அனுப்பினாங்க. மாணவர்களைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா, மாநகராட்சியோட 5 கிடங்கும் கறுப்பின மக்கள் பகுதியில. ஜனத்தொகையில அவங்க கால்வாசிதான்!

சித்ரா: ஜெயிச்சாங்களா?

கார்த்தி: தோத்துட்டாங்க. ஆனா அந்தக் கணக்கு நின்னுடுச்சு. இன்னைக்கு அவரைத்தான் சுற்றுச்சூழல் நீதியின் தந்தைன்னு சொல்றாங்க.

நிலா: சூப்பர் மாமா. ஆனா இதுல கரண்ட் எங்க வருது?

நிலா: நான் பெர்த்தா காசெரெஸ் பத்திப் படிச்சேன். ஹோண்டுராஸ், லென்கா பழங்குடி. குவல்கார்க்கே ஆத்துல அணை கட்டறதை எதிர்த்தாங்க. 2015ல சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது. 2016 மார்ச்ல வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுக் கொன்னுட்டாங்க.

பெரியப்பா: எதுக்கு அந்த அணை? நீர்மின்சாரத்துக்குத்தானே? புகை இல்ல, நிலக்கரி இல்ல. தூய மின்சாரம்னு தலைப்பு வெச்சிருக்காங்க, அதைத் தடுத்தவங்களைப் பத்திப் பேசினா நடுவர் மார்க் போடுவாரா?

நிலா: அதுக்காகத்தான் தாத்தா அவங்களை எடுத்தேன். அந்த ஆத்தை நம்பி இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பழங்குடிகளைக் கலந்துக்கணும்னு இருக்கற, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போட 169ஆம் உடன்படிக்கையை அந்த நாடு 1995லயே ஏத்துக்கிட்டது.

கார்த்தி: அந்தக் கொலை வழக்குல அணை கம்பெனித் தலைவரா இருந்தவருக்கே 2022ல 22 வருஷத்துக்கு மேல சிறை. பெரியப்பா, கரண்ட் சுத்தமா இருந்தா மட்டும் போதுமா?

சித்ரா: பெரியப்பா டைப்பிங், டைப்பிங்னு பத்து நிமிஷமா காட்டுது 😄

பெரியப்பா: 31 வருஷம் மின்சாரத் துறையில இருந்தேன். நாங்க லைன் இழுத்த ஒரு கிராமம். தலைக்கு மேல பெரிய கம்பி, கீழ வீட்டுக்குள்ள மண்ணெண்ணெய் விளக்கு. கோபுரத்துக்கு நிலம் குடுத்ததும் அவங்கதான். ஒரு கிழவி என்கிட்ட கேட்டா, “இது யாருக்குப்பா போகுது?” எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

சித்ரா: இதை நீங்க சொன்னதே இல்லையே பெரியப்பா.

அம்மா: நான் பேசி அடிக்கிறேன் தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. ராஜஸ்தான்ல திலோனியான்னு ஒரு ஊர். அங்க பங்கர் ராய் 1972ல ஆரம்பிச்ச கல்லூரியில பாட்டிமாருக்கு சூரிய விளக்கு செய்யக் கத்துக் குடுக்கறாங்க. எழுதப் படிக்கவே தெரியாதவங்க, ஆறே மாசம். ஏன் பாட்டி தெரியுமா? பசங்களுக்குச் சான்றிதழ் குடுத்தா ஊரை விட்டு ஓடிடுவானுங்க. பாட்டி எங்க போவா?

நிலா: பாட்டி 🔥🔥 இது கட்டாயம் உண்டு

கார்த்தி: ஹரீஷ் ஹண்டேவையும் சேரு. 1995ல செல்கோங்கற சூரிய மின்சாரக் கம்பெனியை ஆரம்பிச்சவர், 2011ல மகசேசே விருது. மாசக் கடைசியில மொத்தமாக் கட்ட முடியாத தள்ளுவண்டிக்காரங்க, அன்னன்னிக்குச் சின்னதா கட்டிடுவாங்கன்னு புரிஞ்சுக்கிட்டவர். சாமானைவிடத் தவணைதான் பெரிய விஷயம்.

சித்ரா: எங்களை மாதிரி வாடகைக்காரங்களுக்கு ஒருத்தரும் இல்லையா? சூரியத் தகடு வைக்கற மொட்டை மாடி ஓனரோடது, கரண்ட் பில் மட்டும் எங்களோடது.

கார்த்தி: அதை நீ ஓனர்கிட்ட கேளு 😂

சித்ரா: நிலா, அஞ்சு நிமிஷம்தான். எல்லாரையும் திணிக்காத.

நிலா: பெர்த்தா, அப்புறம் திலோனியாப் பாட்டிகள். அவ்வளவுதான். தாத்தா, அந்தக் கம்பிக் கதையை முதல்ல சொல்லிக்கட்டுமா?

பெரியப்பா: ஊர் பேர் வேண்டாம். அப்புறம், அந்தக் கம்பியில இருந்து நேரா வீட்டுக்கு இழுக்க முடியாது, அழுத்தத்தைக் குறைக்கத் துணை மின்நிலையம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேணும். நடுவர் கேட்டா இதைச் சொல்லு.

நிலா: ஏன் வைக்கலைன்னு கேட்டா?

பெரியப்பா: சாயங்காலம் போன் பண்ணு.